கடல் விலகும் நேரம் பார்த்துப் போக வேண்டிய ஊர்: ராபின் ஹுட்ஸ் பே

"ஏன்டா கண்ணா, காலையில இவ்ளோ பாறை இருந்துச்சே, எல்லாம் எங்கடா போச்சு?"

அம்மா இதைக் கேட்டபோது மணி மூன்றரை இருக்கும். நான், மனைவி, எட்டு வயது மகள், சென்னையிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த அம்மா, நால்வரும் இங்கிலாந்தில் ராபின் ஹுட்ஸ் பே என்ற ஊருக்குத் தெற்கே கடற்கரையில் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் நடந்து வந்த பாறையும் மணலும் தண்ணீருக்குள் போயிருந்தன. ஊருக்குத் திரும்பும் பக்கம் அலை நேராக மலைச்சரிவின் அடியில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன் அங்கேதான் மகள் பாறைக் குட்டைகளில் நண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

நான் வளர்ந்தது திருவான்மியூரில். எங்கள் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் இருந்தாலே அதிகம், அதனால் கடல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும், அலை மட்டும் வந்து போகும் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. யார்க்‌ஷையரின் வடகடல் கரையில் அது பெரிய ஓத நாட்களில் (ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது) நாலைந்து மீட்டர். கரை தட்டையாக இருப்பதால் அந்த நாலைந்து மீட்டர் உயரம் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளப் பாறைத்தளமாக வெளியே தெரியும், பிறகு மூடிப்போகும். புத்தகத்தில் படித்திருந்தேன்தான். படித்ததற்கும் அதன் நடுவில் குழந்தையோடு நிற்பதற்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஊருக்கே திரும்பிவிடலாம், ஓரமாக வேகமாக நடந்தால் போய்விடலாம் என்று நான் அடியெடுத்து வைத்தபோது, நாயோடு வந்த ஒரு வயதான அம்மாள் நிறுத்தினார். இந்தப் பக்கம் யாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார்கள். "அந்தப் பக்கம் போகாதே லவ், பத்து நிமிஷத்தில் இடுப்பளவு வந்துவிடும், பின்னால் பாகிள் ஹோலுக்குப் போய் படி ஏறு" என்றார். பாகிள் ஹோல் என்பது ஓடை ஒன்று கடலில் கலக்கும் சிறு பிளவு, பழைய மாவு மில் ஒன்று அங்கே இப்போது இளைஞர் விடுதியாக இருக்கிறது. பாகிள் என்றால் இந்த வட்டாரப் பேச்சில் குட்டிச்சாத்தான் மாதிரி ஒன்று. அங்கிருந்து செங்குத்தான படி. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று நின்று நின்று ஏறி, மலை விளிம்பில் போகும் க்ளீவ்லேண்ட் வே பாதை வழியாக ஊருக்கு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நேராகப் பார்த்தால் அரை மைல் தூரம்.

அதனால் வேறு எதையும் படிக்கவில்லை என்றாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். அந்த ஊருக்குப் போகும் முன் அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள், பக்கத்துத் துறைமுகமான விட்பியின் நேரம் போதும். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, அடிமட்டத்துக்கு வரும் நேரத்திலேயே திரும்பத் தொடங்குங்கள். அப்புறம் ஒரு நுணுக்கம்: பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சிட்டிருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இரண்டாவது முறை போனபோது இதைக் கவனிக்காமல் 11 மணிக்கே சறுக்குதுறையில் (படகைக் கடலில் இறக்கும் சரிவில்) போய் நின்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். யாராவது கடலில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு என்று கேளுங்கள். கடலை ஒட்டிய கீழ் ஊரில் கைபேசிச் சமிக்ஞை சில இடங்களில் சுத்தமாகக் கிடைக்காது, அட்டவணையையும் வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மா தன் நாள்காட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நேத்து அமாவாசைடா, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். சரியான கணக்கு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் ஓதம் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். ஆபத்தும் அன்றுதான், பாறைத்தளம் முழுதாகத் தெரிவதும் அன்றுதான். இரண்டாம் பயணத்துக்கு அம்மாதான் தேதி குறித்தார், பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து.

அந்த இரண்டாம் பயணத்தில்தான் ஊரை ஒழுங்காகப் பார்த்தோம். லீட்ஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், யார்க், பிக்கரிங் தாண்டியதும் மரமே இல்லாத மேட்டுநிலம், ஆகஸ்டில் ஹெதர் பூத்து கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாவாக இருக்கும். வழியில் பிரமிடு வடிவத்தில் ஃபைலிங்டேல்ஸ் ராணுவ ரேடார் ஒன்று தெரியும், மகள் அதை எகிப்து என்றாள். விட்பிக்குத் தெற்கே ஆறு மைலில் ஊர். கார் இல்லாதவர்கள் ஸ்கார்பரோவிலிருந்தோ விட்பியிலிருந்தோ எக்ஸ்93 பஸ் பிடிக்கலாம்.

காரை மேலேயே விட்டுவிட வேண்டும். கீழ் ஊருக்கு இறங்கும் சாலை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு, வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, இருந்தாலும் திருப்ப இடம் கிடையாது. மேலே இரண்டு வண்டி நிறுத்தங்கள் உண்டு, விடுமுறை நாட்களில் பத்தரைக்குள் போய்விடுவதே நல்லது. வயதானவர்களோடு வருபவர்களுக்குச் சொல்கிறேன், இறங்குவது சுலபமாகத் தெரியும், முட்டிக்கு இறக்கம்தான் அதிக வலி, திரும்பி ஏறுவது மூச்சுக்குச் சோதனை. நாங்கள் இரண்டாம் முறை கீழேயே இரண்டு இரவுக்கு வீடு எடுத்தோம். அம்மா ஒரே ஒரு முறை இறங்கினார், ஒரே ஒரு முறை ஏறினார். பணம் கூட ஆனாலும் அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஐந்து மணிக்குப் பகல் கூட்டம் போன பிறகு அந்த ஊர் வேறு ஊர்.

ஊரின் அமைப்பையே முதலில் சொல்ல வேண்டும். குன்றின் மடிப்பில் சிவப்பு ஓட்டு வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக, ஒரு வீட்டின் வாசலும் அடுத்த வீட்டின் கூரையும் ஒரே மட்டத்தில். நடுவில் ஒரே ஒரு தெரு, அதிலிருந்து பிரியும் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். இத்தனை நெருக்கம் எதற்கு என்றால், பாறைக் கரை நடுவே ஓடை அறுத்த இந்த ஒரு பள்ளத்தில்தான் படகை இழுத்து ஏற்ற முடியும், எல்லோருக்கும் அதன் பக்கத்தில் வீடு வேண்டும். 16ஆம் நூற்றாண்டிலேயே இருபது படகுள்ள மீனவக் குடியிருப்பு என்று குறித்திருக்கிறார்கள். பேரைப் பார்த்துவிட்டு ராபின் ஹுட்டைத் தேடி வருபவர்கள் உண்டு, அவர் இங்கே பிரெஞ்சுக் கொள்ளையரை விரட்டினார் என்று பழைய கதைப்பாட்டு ஒன்றும் இருக்கிறது, ஆனால் அவர் வந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் வெறுமனே "பே" என்றுதான் சொல்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் இந்த நெருக்கமே அவர்களுக்கு இன்னொரு தொழிலுக்கு வசதியானது. கள்ளக்கடத்தல். ஜின், பிராந்தி, புகையிலை எல்லாம் சரி, எனக்கு ஆச்சரியமாக இருந்தது தேயிலை. அப்போது தேயிலை மீதான வரி அதன் விலையைவிட அதிகம், அதாவது நூறு சதவீதத்துக்கும் மேல். 1784ல் அரசாங்கம் அதைப் பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்த பிறகுதான் திருட்டுத் தேயிலையில் லாபம் இல்லாமல் போனது. அதுவரை இந்த ஊரில் மீன்பிடிப்பவர், கடைக்காரர், வசதியான பண்ணைக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு இருந்ததாகச் சொல்கிறார்கள். 1773ல் சுங்கப் படகுகள் இரண்டைக் கடத்தல்காரர்களின் கப்பல்கள் பீரங்கியால் சுட்டு வளைகுடாவை விட்டே துரத்தியிருக்கின்றன. வீட்டுக்கு வீடு ரகசியக் கதவு, அலமாரிக்குப் பின்னால் வழி, ஊருக்கடியில் ஓடும் ஓடைச் சுரங்கம். கீழே துறையில் இறக்கிய பட்டு மூட்டை ஒரு தடவைகூட வெளிச்சத்தைப் பார்க்காமல் குன்றின் உச்சிக்குப் போய்விடுமாம். சறுக்குதுறைப் பக்கம் நின்றால் அந்த ஓடை வெளிவரும் வாயைப் பார்க்கலாம்.

பெண்களின் கதைதான் அம்மாவுக்குப் பிடித்தது. கடற்படைக்கு ஆள் பிடிக்க வரும் கும்பல்கள் மீனவர்களை வலுக்கட்டாயமாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகும், போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவர்கள் வருவது தெரிந்ததும் பெண்கள் மேளம் தட்டி ஆண்களை எச்சரிப்பார்கள், மாடி ஜன்னலிலிருந்து கொதிநீரை ஊற்றுவார்கள். தி போல்ட்ஸ் என்ற ஒடுங்கிய சந்து இன்னும் இருக்கிறது, ஆட்கள் தப்பி ஓடிய வழி என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள் (போல்ட் என்றால் ஆங்கிலத்தில் விருட்டென்று ஓடுவது). அம்மா அந்தச் சந்தில் நின்று மேலே ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சிருக்காளுங்க" என்றார்.

கடல் கொடுத்தது இப்படி. எடுத்துக்கொண்டதும் நிறைய. ஊர் நிற்பது உறுதியான பாறையில் இல்லை, பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டிய களிமண்ணில், அடியில் சுலபமாக உதிரும் களிப்பாறை. அலை அடியை அரிக்கும், மழை மேலிருந்து ஊறும், ஒருநாள் மொத்தமாகச் சரியும். 1780ல் ஊருக்குள் வரும் முக்கியச் சாலையாக இருந்த கிங் ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதி வீடுகளோடு கடலுக்குள் போனது. இன்று அந்தத் தெருவில் நடந்தால் திடீரென்று ஒரு தடுப்போடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் காற்றுதான். 1975ல் 12 மீட்டர் உயரத்துக்குக் கடல்சுவர் கட்டிய பிறகே கீழ் ஊர் நிம்மதியாக இருக்கிறது. சுவருக்கு அடியில் மணலில் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் அந்த உயரம் எதற்கு என்று புரியும்.

ஊரில் ஒரு பலகையில் 1881ஆம் வருஷக் கதை இருக்கிறது. அதை நான் மகளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியில் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. ஜனவரி 18, கடும் பனிப்புயல். விசிட்டர் என்ற பாய்மரக் கப்பல் வளைகுடாவில் மூழ்க, அதன் மாலுமிகள் சின்னப் படகில் இறங்கி, கரைக்கு வரவும் முடியாமல் உடைந்த கப்பலை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் உயிர்காப்புப் படகு கடலில் இறக்கும் நிலையில் இல்லை. பாதிரியார் விட்பிக்குத் தந்தி அடித்தார். விட்பியிலிருந்து கடல்வழியாக வர முடியாத கொந்தளிப்பு, ஆகவே படகைத் தரைவழியாக இழுத்து வருவது என்று முடிவு செய்தார்கள். ஆறு மைல், நடுவில் ஐந்நூறு அடி உயர மேடு, சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் பனி. 18 குதிரைகள், இருநூறு பேர் அந்தப் பக்கமிருந்து பனியை வெட்டிக்கொண்டு வர, இந்த ஊர்க்காரர்கள் இந்தப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். இரண்டே மணி நேரத்தில் வந்து சேர்ந்து, இப்போது நாம் கையை வீசிக்கொண்டு நடக்கவே யோசிக்கும் அந்தச் சரிவில் படகைக் கயிறு கட்டி இறக்கினார்கள். முதல் முயற்சியில் அலை துடுப்புகளை உடைத்துவிட்டது. திரும்பி வந்து, கூடுதல் ஆட்களோடு மறுபடி போனார்கள். சின்னப் படகில் தவித்த மாலுமிகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

அதைக் கேட்டுவிட்டு மகள் கேட்டது, "அப்பா, குதிரைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தாங்களா?" கொடுத்திருப்பார்கள் கண்ணு என்றேன்.

கடலுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. மேலே வயல்களுக்கு நடுவில் 1820களில் கட்டிய பழைய செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயம் இருக்கிறது, பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் அங்கே போவதே இல்லை. மேல் ஊரிலிருந்து நடக்கலாம், காரிலும் போகலாம். கல்லறைத் தோட்டத்தில் கடலில் மூழ்கியவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். உள்ளே கதவு வைத்த பெட்டி போன்ற மர இருக்கைகள், மூன்றடுக்குப் பிரசங்க மேடை. என் மனைவி நெடுநேரம் நின்றது வேறொன்றின் முன்னால். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்களுக்காக வளையத்தில் ரிப்பனும் காகிதமும் சுற்றிக் கிரீடம்போல ஒன்று செய்து, சவப்பெட்டிக்கு முன்னால் எடுத்துப்போய், பிறகு தேவாலயத்தில் மாட்டிவைப்பது வழக்கமாம். அவற்றில் சில இன்னும் இருக்கின்றன, நிறம் போய், தொட்டால் உதிர்ந்துவிடும்போல. ஊரில் ஒரே ஓர் இடம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, கடற்கரைக்கு வருகிறேன். பௌர்ணமி கழிந்த அந்த நண்பகலில் தண்ணீர் விலகியபோது வளைவு வளைவாகப் பாறை வரிகள் வெளியே வந்தன, பெரிய மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்களைப்போல. ஒரு காலத்தில் கவிழ்த்த கிண்ணம்போல மேலெழும்பியிருந்த பாறை அடுக்குகளின் தலையைக் கடல் சீவிவிட்டது, மிஞ்சியது அதன் விளிம்புகள். இங்கே இவற்றை ஸ்கார் என்கிறார்கள். சுமார் 19 கோடி ஆண்டுப் பழமை. வளைகுடாவின் தெற்கு மூலையில் வைன் ஹேவன் என்ற இடம் இருக்கிறது, ஜுராசிக் காலத்தின் ஒரு பகுதியான ப்ளீன்ஸ்பாக்கியன் காலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் அந்தப் பாறைதான். அங்கே கம்பமும் கிடையாது, வேலியும் கிடையாது, தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அம்மாதான் முதலில் கண்டெடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் கருங்கல், அதில் சுருள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது சாளக்கிராமம்டா" என்றார். அதில் தவறே இல்லை. நேபாளத்தில் கண்டகி நதியில் எடுக்கிற சாளக்கிராமமும் அம்மோனைட் என்ற இதே கடல் உயிரினத்தின் புதைபடிவம்தான். இங்கே அதற்கு வேறு கதை: 657ல் விட்பி மடத்தை நிறுவிய புனிதர் ஹில்டா அந்த இடத்திலிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக மாற்றினார் என்று. பழைய வியாபாரிகள் கல்லில் பாம்புத் தலையைச் செதுக்கியே விற்றிருக்கிறார்கள். மகளுக்குக் கிடைத்தது க்ரைஃபியா என்ற வளைந்த சிப்பி, பிசாசின் கால்நகம் என்று பெயர். கறுப்பாக, எடையே இல்லாமல், தொட்டால் குளிராத துண்டு ஏதாவது கிடைத்தால் அது ஜெட்டாக இருக்கலாம், மரம் மக்கி உறைந்தது, விட்பியில் நகை செய்கிறார்கள். மெருகில்லாத பீங்கானில் உரசினால் ஜெட் பழுப்புக் கோடு போடும், நிலக்கரி கறுப்புக் கோடு போடும்.

உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள், பாறைச் சரிவில் சுத்தியல் வைக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், தவிர அந்தச் சரிவு சொல்லாமல் விழும். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாசி பிடித்த பாறையில் செருப்பு வேண்டாம், அடிப்பிடிப்பு உள்ள ஷூ போடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒன்று. யார்க்‌ஷையரில் மீன் வறுவலும் சிப்ஸும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், அதுதான் இங்கத்திய பாரம்பரிய ருசி. சைவம் என்று நினைத்து உருளைக்கிழங்கு மட்டும் வாங்கிக் கொடுத்தாலும் அதே எண்ணெய்ச்சட்டிதான். முதல் பயணத்தில் எனக்கு இது தெரியாது, அம்மா நான்கைந்து துண்டு சாப்பிட்ட பிறகே பக்கத்தில் இருந்தவர் சொல்லித் தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாங்கும் முன் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் முறை புளியோதரை கட்டிக்கொண்டு போனோம்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு ரேவன்ஸ்கார் வரை போய் வருவது அருமையான ஒரு நாள். விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் நடுவே 1885ல் ரயில் ஓடத் தொடங்கி 1965ல் நின்றது, தண்டவாளத்தை எடுத்த தடம் இப்போது சிண்டர் டிராக் என்ற 21 மைல் நடைபாதை. ரயில் பாதை என்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும், அம்மாவே கொஞ்ச தூரம் வந்தார். ரேவன்ஸ்காருக்குக் கீழே பழைய படிகார ஆலையின் இடிபாடுகள். ஆமாம், நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம். துணியில் சாயம் நிற்க அது வேண்டும், அதற்காக இந்த மலையின் களிப்பாறையை மாதக்கணக்கில் குவியலாக எரித்து, ஊறவைத்து, காய்ச்சி எடுத்தார்கள். அதில் சேர்க்க மனிதச் சிறுநீர் தேவைப்பட்டது, லண்டனிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் 200 ஆண்டுகள் நடந்த தொழில். அங்கே கீழே பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும், தூரத்தில் நின்று பாருங்கள்.

வானிலையை நம்ப வேண்டாம். ஜூன் மாதம் உள்நாட்டில் வெயில் கொளுத்தும்போது கரையில் மட்டும் ஃப்ரெட் என்ற கடல் மூடுபனி வந்து உட்காரும், ஐந்து நிமிஷத்தில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

கடைசி மாலை சறுக்குதுறையில் உட்கார்ந்திருந்தோம். இங்கிலாந்தின் மேற்குக் கரையில் செயின்ட் பீஸில் தொடங்கி சுமார் 300 கிலோமீட்டர் குறுக்காக நடந்து வருபவர்களுக்கு இதுதான் முடிவு, ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் என்பவர் 1973ல் வகுத்த பாதை. அங்கே ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு வந்து இங்கே கடலில் போடுவது வழக்கம். இரண்டு பேர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கணவன் மனைவி, தோளில் பெரிய பையோடு தெருவில் மெல்ல இறங்கி வந்து, ஷூவோடு தண்ணீரில் நின்று, பையிலிருந்து ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினோம். அம்மா எழுந்து நின்று தட்டினார்.

அப்புறம் கைப்பையைத் திறந்து அந்தச் சுருள் கல்லை எடுத்துப் பார்த்தார். "எல்லாரும் போடுறாங்களே, நானும் போட்டுடணுமா?" என்று கேட்டார். வேண்டாம்மா, இது இந்த ஊர்க் கல்தானே, நீங்க எடுத்துட்டுப் போங்க என்றேன். தண்ணீர் அதற்குள் சறுக்குதுறையின் பாதி வரை ஏறியிருந்தது, மகள் தன் காலணியைத் தூக்கிக்கொண்டு எங்களை எழுந்திருக்கச் சொன்னாள்.